கப்பலில் இருக்கும் காருக்கு விலை பேசிய ஐந்து மாதம்

விற்பதற்குச் சாமான் இல்லாமலேயே கடையைத் திறந்து வைத்து, வந்தவரைக் கதிரையில் இருத்தி, பிளேன் டீ கொடுத்து, விலையை மட்டும் ஏற்றி அனுப்புகிற தொழில் இன்றைக்கு நம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான்: கார் வியாபாரம்.

கார் சேல் வாசல்களில் செருப்புத் தேய்ந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வருஷக்கணக்காக இறக்குமதி நின்றிருந்தது. திறந்துவிட்டார்கள் என்றதும் ஊரே ஒரே நாளில் கார் தேடிப் புறப்பட்டது. கப்பல்தான் நம் அவசரத்துக்கு வரவில்லை.

எங்கள் அவசரம் இது. அம்மா பன்விலவில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸின் முதல் படி அம்மாவின் இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கும். போன வருஷம் இடது முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது. "இனி பஸ் படி ஏறக் கூடாது" என்றார் டொக்டர். த்ரீவீலில் போய் வந்தால் சம்பளத்தில் பாதி ரோட்டோடு போகிறது. மிச்சம் இரண்டே வழி. அம்மாவே ஓட்டிப் போக, இடது காலால் கிளச் மிதிக்கத் தேவையில்லாத சின்ன ஓட்டோமெட்டிக் கார் ஒன்று. இல்லாவிட்டால் முன்கூட்டியே ஓய்வு கேட்கும் படிவம். படிவம் ஏற்கெனவே வந்து, அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ஜனவரியில் பாடசாலை தொடங்குமுன் ஒன்றில் கார் வர வேண்டும், அல்லது படிவம் போக வேண்டும். அம்மாவின் சாதாரண தர வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு கணித டீச்சர் கிடையாது.

அப்பா கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மரக்கறிக் கடையில்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்வார். ஆகவே பேரம் பேசும் உத்தியோகம் எனக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் பொருளியல் மூன்றாம் வருஷம், விவாத அணியில் முதற் பேச்சாளர். இதைவிட என்ன தகுதி வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கண்ணாடி மாளிகையில் ஒரு கேள்வி

முதலில் போனது கண்டி டவுனில் இருக்கிற பெரிய ஷோரூம் ஒன்றுக்கு. வெளியே பார்த்தால் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பார்த்தால் முழுக்கக் குளிர். நடுவில் ஒரேயொரு கார், அதைச் சுற்றி அம்மன் கோயில் மூலஸ்தானம் போலக் கயிறு. டை கட்டிய தம்பி ஒருவர் வந்து, "இது டிஸ்ப்ளேக்கு மட்டுந்தான் மிஸ்" என்றார். சரி, விற்கிற காரின் விலை என்ன என்று கேட்டேன். "உங்களுக்கு எப்ப வேணும்?" என்று திருப்பிக் கேட்டார். விலைக்கும் திகதிக்கும் என்ன சம்பந்தம் என்றேன். கார் வந்து இறங்குகிற அன்றைக்கு டொலர் எங்கே நிற்கிறதோ, வரி எங்கே நிற்கிறதோ, அன்றைக்குத்தான் விலை பிறக்கும் என்று விளக்கினார். முற்பணம் மட்டும் இன்றைக்கே பிறந்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விலை தெரியாமல் ஒரு பொருளை வாங்க ஒப்புக்கொள்வது ஒப்பந்தமே இல்லை, அது நேர்த்திக்கடன் என்றேன். அப்பா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்தத் தம்பி கொஞ்சமும் முகம் மாறவில்லை. மிகவும் பணிவாகச் சொன்னார்: "இன்னைக்கு நான் ஒரு விலை சொன்னா, நாளைக்கு அது பொய்யாகிடும் மிஸ். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

நான்கு மெட்

அடுத்த இடத்தில் விலை சொன்னார்கள். எழுதியும் கொடுத்தார்கள். வாசித்துப் பார்த்தால் காருக்குக் கீழே ஒரு நீளமான வால்: கால்மிதி மெட் நான்கு, சீட் உறை, கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர், வாசனைப் போத்தல், பின்னால் பார்க்கும் கமெரா, 'இதர அலங்காரம்'. எல்லாம் கட்டாயம். அந்த வாலின் விலைக்கு அம்மா நான்கு மாதம் படிப்பிக்க வேண்டும்.

மெட் எங்கள் வீட்டில் இருக்கிறது, வாசனை எங்களுக்குத் தேவையில்லை, இதர அலங்காரம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியாது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுக் காரை மட்டும் தாருங்கள் என்றேன். கழிக்க முடியாதாம், முழுப் பொதியாகத்தான் விற்பார்களாம். ஒன்றை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவது எந்த ஊர் நியாயம் என்று நான் குரலை உயர்த்தியதும் மேனேஜரே எழுந்து வந்தார். கார் எத்தனை மாதத்தில் வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில் சொன்னார்: "மெட் மட்டும்னா இப்பவே கொண்டு போகலாம் மிஸ், அது ஸ்டொக்ல இருக்கு."

கம்பளை ஹாஜியாரின் கார்

புதியது வேண்டாம், பழையது பார்ப்போம் என்று அப்பா சொன்னார். கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் தன் காரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு ரயிலேறினோம். கார் சுத்தமாகத்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஜப்பானில் செய்த கார். ஹாஜியார் சொன்ன விலையோ, அவர் அதை வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு. அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

உலகத்தில் எந்த இயந்திரமும் ஓட ஓடத் தேயும், தேயத் தேய விலை குறையும். உங்கள் கார் மட்டும் ஓட ஓட வளர்கிறதா என்று கேட்டேன். டயரைக் காட்டினேன். கதவோரத் துருவைக் காட்டினேன். புதுக் காரின் விலையை ஃபோனில் எடுத்துக் காட்டி, இன்னும் கொஞ்சம் போட்டால் இதுவே புதிதாக வருமே என்றேன். ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு துணியால் பொனட்டை மெதுவாகத் துடைத்தார். "பழசுதான் மகள், நான் இல்லண்டு செல்லல்ல. ஆனா இது இங்க ஈக்கி. ஒங்கட புதுசு கப்பல்ல ஈக்கி."

கதிரை வியாபாரம்

கடைசியில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஃபஸ்லி நானாவின் கார் யார்டில் போய் நின்றோம். ஐம்பது கார் நிற்கக்கூடிய இடத்தில் மூன்று நின்றன, மூன்றும் விற்றவை. நானா நேர்மையான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் உத்தேசமாக ஒரு விலையைச் சொல்லிவிட்டு, கட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து எங்கள் பெயரைப் பதினோராவதாக எழுதினார். மேசைக்கு மேலே மூன்று மொழியிலும் பெரிதாக ஒரு பலகை: 'ரசீது யார் பெயரில் முதலில் எழுதப்படுகிறதோ, வாகனம் அவருக்கே.' அப்படியானால் இந்தக் கொப்பி எதற்கு என்று கேட்டேன். கார் வந்தால் வரிசைப்படி ஃபோன் பண்ணுவதற்காம். வந்து பார்ப்பவர்களில் யார் முந்துகிறாரோ அவருக்குக் கார்.

இல்லாத பொருளுக்கு வரிசை வைப்பது, வரிசையை நீங்களே மதிக்காமல் இருப்பது, தட்டுப்பாட்டை வைத்து லாபம் பார்ப்பது என்று நான் ஒவ்வொரு விரலாக மடக்கி மூன்று குற்றச்சாட்டு வைத்தேன். பக்கத்து மேசையில் ரசீது போடும் திலினி என்ற சிங்களப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானாவுக்குக் கோபம் வரவில்லை. இறக்குமதி நின்ற காலம் முழுக்க இந்த யார்டை மூடவும் முடியாமல், வேலை செய்தவர்களை அனுப்பவும் மனமில்லாமல், பிளாஸ்டிக் கதிரை அடுக்கி விற்றாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க இப்ப குந்திக்கிட்டு என்னெ ஏசுற கதிரையும் அதுல விக்காம மிஞ்சினதொண்டுதான், மகள்."

நான் ஜெயித்த நாள்

நவம்பரில் நானாவிடமிருந்து ஃபோன் வந்தது. "வெள்ளைக் காரொண்டு வந்தீக்கி, ஒடன வாங்கொ." நானும் அப்பாவும் ஓடினோம். நாங்கள் தேடிய அதே அளவு, அதே ஓட்டோமெட்டிக். விலைதான் முன்பு சொன்னதைவிடக் கூட. நான் இதற்காகவே தயாராகப் போயிருந்தேன். வரி விவரத்தை அச்சடித்து வைத்திருந்தேன். ஜப்பான் நாணயம் எந்தக் கிழமை எங்கே நின்றது என்று கோடு போட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்பினேன். நானா வாதாடினார், நான் மறுத்தேன், அவர் இன்னொரு காரணம் சொன்னார், நான் அதற்கும் ஒரு தாள் எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். நானா கண்ணாடியைக் கழற்றி, "நீங்க செல்லுறது நாயம்தான் மகள், கொறக்கிறேன்" என்று கல்குலேட்டரைக் கையில் எடுத்தார். விவாத மேடையில்கூட அப்படியொரு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

திலினி மெதுவாக இருமினாள். குடையோடு வந்த ஒரு மாத்தயா, சிங்களப் பெரியவர், பக்கத்து மேசையில் அவளிடம் ரசீது வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது வந்தார் என்றே நாங்கள் பார்க்கவில்லை. நானாவும் பார்க்கவில்லை; முகம் சுருங்கிப் போய்விட்டார். நான் மேலே பார்த்தேன். பலகை மூன்று மொழியிலும் அப்படியே இருந்தது. "அந்த மாத்தயா கதைக்கவே இல்ல நங்கி, நேரா காசு கட்டினாங்க" என்றாள் திலினி, என்னைத் தங்கையாக்கி, பாவமாக.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மகாவலியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை ஏசினாலாவது தேவலை என்றிருந்தது. குண்டசாலைச் சந்தி வந்ததும் எழுந்து, என் தாள்களையெல்லாம் அடுக்கி என் கையிலேயே தந்தார். "நீ ஜெயிச்சிட்டம்மா. எறங்குற எடம் வந்துருச்சு."

கைதட்டல்

அந்தக் கிழமை பல்கலைக்கழகத்தில் விவாதம். தலைப்பு சந்தையும் நுகர்வோரும் பற்றியது. எனக்குச் சொல்லவா வேண்டும்? மெட்டிலிருந்து கதிரை வரை எல்லாவற்றையும் அள்ளி வீசினேன். மண்டபம் அதிர்ந்தது. சிறந்த பேச்சாளர் கிண்ணத்தோடு வெளியே வந்தபோது முதலாம் வருஷத் தங்கச்சி ஒருத்தி ஓடிவந்து கேட்டாள்: "அப்ப கார் வாங்கிட்டீங்களா அக்கா?"

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை வைக்க அலுமாரியைத் திறந்தேன். படிவம் சேலைகளுக்கு மேலே இல்லை. மேசையில் இருந்தது. அம்மா எல்லாக் கட்டத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். திகதி மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அந்தப் பத்தொன்பது பிள்ளைகளின் கொப்பிகள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னே அம்மா சிவப்புப் பேனையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இவனுங்களுக்கு இன்னும் பின்னமே சரியா வரல, அதான் திகதி போடல."

பப்பாளி நிறம்

பாடசாலை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது நானா திரும்பவும் கூப்பிட்டார். ஒருவர் வெள்ளைக்குச் சொல்லிவைத்த கார், கப்பலிலிருந்து பழுத்த பப்பாளி நிறத்தில் இறங்கியிருக்கிறதாம். அவருடைய சாத்திரியார் அந்த நிறம் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, வாங்குகிறவரை விட விற்கிறவர் அவசரத்தில் இருந்தார்! இந்தத் தடவை அம்மாவும் வந்தார். த்ரீவீலில் போகும்போதே இருவருக்கும் சட்டம் சொல்லிக் கொடுத்தேன்: சிரிக்கக் கூடாது, காரைத் தொடக் கூடாது, நிறம் நல்லாயிருக்கு என்று தப்பித் தவறியும் சொல்லக் கூடாது, நான் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. "சரி டீச்சர்" என்றார் அம்மா.

யார்டில் வேறு ஆளில்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு தொடங்கினேன். இந்த நிறத்தை யாரும் வாங்க மாட்டார்கள், நாளைக்கு விற்கவும் முடியாது, வெயிலில் நிற்க நிற்க இன்னும் பழுக்கும் என்றேன். நானா தலையைச் சொறிந்து மெட் நான்கும் சும்மா தருவதாகச் சொன்னார். அவர் குறைப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தாளை எடுத்தேன். அப்போது கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா சாரதி இருக்கையின் விளிம்பில் பக்கவாட்டாக உட்கார்ந்து, வலது காலை உள்ளே எடுத்தார். பிறகு இடது கால். கையால் தூக்கிவிடவில்லை. கால் தானாகவே உள்ளே போனது. கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கினார். "நானா, இதுல பெட்ரோல் இருக்கா? திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது."

அவ்வளவுதான். நானா சிரித்தபடியே கல்குலேட்டரை மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டார். திலினி நான் பலகையை நிமிர்ந்து பார்க்குமுன்னே ரசீதில் அம்மாவின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டாள். ஐயோ அம்மா, இன்னும் இரண்டு தாள் இருந்ததே என்று நான் அலறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா பொனட்டைத் தொட்டுக் கும்பிட்டார். புறப்படும்போது நானா நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிவந்து, பின்கதவைத் திறந்து உள்ளே திணித்தார். "இத வெச்சுக்கொங்க மகள். இனி என்னெ ஏசணும்டா ஊட்டுலயே குந்தி ஏசலாம்."

ஐந்து மாதம் தொண்டை கிழிய வாதாடி நான் குறைத்தது நான்கு மெட்டின் விலையைத்தான் என்றாலும், திகதி போடாத அந்தப் படிவம் இப்போது பப்பாளி நிறக் காருக்குள், பன்வில மழையில் நனைந்த அம்மாவின் குடைக்கு அடியில் விரிக்கப்பட்டிருப்பதால், மெட்டில் இன்னும் ஒரு சொட்டு ஈரம் படவில்லை.