தொடாமல் கையாளும் கருவி

துறைமுகத்தை ஒட்டிய வீதியில், சூரிய மின்கலங்கள் பொருத்தும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். சிலிக்கன் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்குவது என் வேலை. அவை அப்பளத்தைவிட மெல்லியவை. கொஞ்சம் வளையும், பிறகு சட்டென்று உடையும்.

தனியாக இருந்தால் நான் உடைப்பதில்லை. யாராவது பின்னால் நின்று பார்த்தால் விரல் நடுங்கும். நான் ஏன் உடைக்கிறேன் என்று அறிய ஒருநாள் எங்கள் மேலாளர் பின்னால் வந்து நின்றார். அன்று நான்கு உடைந்தன.

"அக்கா, உங்கட கையில பிழையில்லை. சேர்தான் கண்ணால உடைக்கிறார்" என்றாள் அடுத்த மேசைக்காரி. அவள் சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வருபவள், மெல்லப் பேசத் தெரியாதவள். அது மேலாளருக்கும் கேட்டது.

"இனியும் உடைஞ்சா உங்களை முன்னுக்கு டெலிபோன் மேசையில போடுறன்" என்றார். "அங்க உடைக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய் நடந்து திரும்புபவள் நான். முன்பின் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்க "ஹலோ" சொல்வதா?

அந்த நேரத்தில்தான் கருவி வந்தது. கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் மிஸ் அதைப் பொருத்தினார். பார்த்தால் ஒரு சிறிய மேசை. அதன் உலோகப் பலகை காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும். மேலே ஒரு தகட்டை விட்டால், இரண்டுக்கும் நடுவே காற்று மெல்லிய படலமாக நின்று தகட்டைத் தாங்கும். ஒரு தலைமுடி உயரத்துக்குத்தான் மிதக்கும். ஓரத்தில் லேசாகத் தட்டினால் அடுத்த முனைக்கு வழுக்கிக்கொண்டு போகும். கை படாது, உடையாது.

"இதை இவவே பார்க்கட்டும்" என்றார் மேலாளர். "வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருகினம், அவைக்கு முன்னாலதான் ஓட்டத் தொடங்கிறம். அண்டைக்குச் சரியா ஓடினா இவ இதிலேயே இருக்கலாம். இல்லாட்டி டெலிபோன்."

தகடு எப்படி மிதக்கிறது என்று மிஸ் ஒருமுறை சொல்லிக் காட்டி, எனக்கு விளங்காத ஆங்கிலக் குறிப்புத் தாள்களையும் தந்தார். கருவியின் மேல் தமிழில் ஓர் அட்டையும் ஒட்டினார்: தொடாமல் கையாளும் கருவி. பிறகு கொழும்புக்குத் திரும்பிவிட்டார்.

தகடுகளைத் தொடாமல் கையாளும் கருவி என்றுதான் அவர் எழுதியிருந்தார். நான் அதை, தொடாமல் கையாள வேண்டிய கருவி என்று வாசித்தேன். என் மேல் பிழையென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை; அந்த மூன்று சொற்களை எப்படியும் வாசிக்கலாம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் திறக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை வரை அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். சுற்றிவரக் கூட்டினேன், அதன் கால்களுக்கு இடையில் துடைத்தேன், பலகையில் ஒரு விரலும் வைக்கவில்லை. சல்லிக்காரி தன் தேநீர்க் கோப்பையை அதன் ஓரத்தில் வைக்க வந்தபோது குறுக்கே நின்று மறித்தேன்.

"என்னக்கா, மெஷினுக்குத் துடக்கே, தீட்டே? கிட்டவும் போக ஏலாதோ?"

நான் அட்டையைக் காட்டினேன். அவளும் வாசித்தாள். "ஓம், தொடக்கூடாதெண்டுதான் கிடக்கு" என்று கோப்பையோடு போய்விட்டாள்.

யன்னல் துறைமுகப் பக்கம் திறந்திருந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றில், இரண்டு நாள் துடைக்காத கண்ணாடியில் பெயர் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை மிஸ் வந்தார், ஏழெட்டு விருந்தாளிகள் வந்தார்கள், மேலாளர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மிஸ் கருவியை முடுக்கித் தகட்டை மேலே விட்டார். மிதக்கவில்லை. கர்ரென்று உரசி, ஒரு மூலை உடைந்து விழுந்தது.

மிஸ் பலகையில் விரலை வைத்து, விரலைப் பார்த்தார். "இதை எப்ப துடைச்சனீங்கள்?"

"துடைக்கேல்லை மிஸ்."

"ஒருநாளும்?"

"தொடக்கூடாதெண்டு நீங்கள்தான் எழுதி ஒட்டினனீங்கள்."

மிஸ் அட்டையை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே முடியவில்லை. விருந்தாளிகள் விழித்தார்கள். மேலாளரின் பார்வை என்னில் விழுந்து, முன்மேசைப் பக்கம் திரும்பியது.

டெலிபோன் அடிக்கும் சத்தம் அப்போதே என் காதில் கேட்டது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது. ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னேன்: "இது காத்திலதான் நிக்குது. அந்த இடைவெளி ஒரு முடியளவுதான். உப்புத் தூள் அதைவிடத் தடிப்பம். அதுதான் உரசினது. கருவியில பழுதில்லை."

புதிய தகட்டை நானே விட்டேன். இரண்டு கையும் நடுங்கின. ஆனால் பலகைக்கு மேலே விட்ட கணத்தில் தகடு என்னுடையதாக இல்லை, காற்றினுடையதாகிவிட்டது. குனிந்து மெதுவாக ஊதினேன். பனிக்கட்டியில் போவதுபோல மறுமுனைக்குப் போய் நின்றது. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

அவர்கள் போனபின் மேலாளர் வந்தார். "இவ்வளவு நல்லாக் கதைப்பீங்களெண்டு எனக்குத் தெரியாதே! நீங்கள் இந்தக் கருவியிலேயே இருங்கோ."

எனக்கு உயிர் வந்தது.

"இனி இங்க வாற ஆக்கள் எல்லாருக்கும் நீங்களே விளக்குங்கோ."

இப்போது கிழமைக்கு இரண்டு கூட்டம் வருகிறது. பாடசாலைப் பிள்ளைகளும் வருகிறார்கள். நான் தகட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அதனிடமே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறேன். வருபவர்கள் அதை என் தொழில் கவனம் என்று நினைக்கிறார்கள்.