மாப்பிள்ளைச் சில்லு

எங்கள் கார் பிட்னஸ் சோதனையில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இதை என் கணவர் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார். அவரைவிட வயதில் மூத்த கார் அது, கறுப்பு நிற ஏ போட்டி மொடல். ஒரு பக்கக் கதவை அடித்துச் சாத்தினால் மறுபக்கக் கதவு திறந்துகொள்ளும். மாரி காலத்தில் பின்சீற்றில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். ஆனாலும் வருடா வருடம் மட்டக்களப்புக்குப் போய், முதல் தடவையிலேயே பாஸாகி, ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும்.

சூட்சுமம் எல்லாம் சில்லில்தான் இருந்தது. எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் வாடகைக்கு ஹயர் ஓடிய கார்கள் நாலு. நாலும் ஒரே இனம். சண்டைக் காலத்தில் நல்ல டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ கிடைத்த ஒரு செற்றை நாலு பேரும் சேர்ந்து காத்தான்குடியில் வாங்கி, சில்லுகளில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். யாருக்குச் சோதனை நாள் வருகிறதோ அவருடைய காரில் அது ஏறும். பாஸானதும் கழற்றிக் கழுவித் துடைத்து அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். மற்ற நாளெல்லாம் மொட்டை டயரில்தான் ஓட்டம். இரவல் வேட்டி கட்டி மணவறையில் இருக்கிற மாப்பிள்ளை மாதிரி என்று ஸ்டாண்டில் யாரோ பகிடி பண்ண, மாப்பிள்ளைச் சில்லு என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

போகிற வழியில் சென்றிகள் வேறு. ஆமிக்காரர் டிக்கியைத் திறப்பார்கள், சீற்றைத் தூக்குவார்கள், காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள். அத்தனை வருடத்தில் டயரை மட்டும் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த நாலு பேரில் ஒருவர் என் கணவரின் உயிர்க்கூட்டாளி. நான் அவரை அண்ணன் என்பேன். எங்கள் மண் ஒழுங்கையிலேயே, எங்கள் வீட்டுக்கு அங்கால், கடற்பக்கமாக அவர் வீடு. அவருடைய மனைவிக்கும் எனக்கும் பேச்சு ஓயாது. மாப்பிள்ளைச் சில்லைப் பற்றி யார் பகிடி விட்டாலும் நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அவள் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

“மத்த நாளெல்லாம் இந்தக் காரில மனிசர் ஏறுறல்லயாகா?” என்று என்னிடம் கேட்பாள். அதற்கும் சிரித்திருக்கிறோம்.

கடல் வந்த வருடம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல்தான் அண்ணனின் கார் பாஸாகியிருந்தது. அடுத்தது எங்கள் முறை. நத்தார் அன்று பின்னேரம் அவரே தன் காருக்கு மொட்டைச் சில்லைப் பூட்டிவிட்டு, நல்ல சில்லு நாலையும் எங்கள் வாசலுக்கு உருட்டி வந்தார்.

“ரெண்டு நாள் போகட்டுமே, அண்ணன். என்ன அவசரம்?” என்றேன்.

“நாளைக்குப் போயா லீவு. ஹயர் ஒண்டும் இல்ல. சும்மா நிக்கிற காருக்கு எதுக்குத் தங்கச்சி நல்ல சில்லு?” என்றார்.

என் கணவருக்குப் புதுச்சட்டை கண்ட பிள்ளையின் அவசரம். இருட்டுவதற்குள் பூட்டி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை கடல் எழும்பியது. இரைச்சலும் மனிதர்கள் ஓடி வருவதும்தான் முதலில் தெரிந்தன. கையில் அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் கார் ஒழுங்கையில் இறங்கியது. மாரி மழையில் ஒழுங்கை சேறாகிக் கிடந்தது. கார் ஆடியது, சறுக்கியது, ஆனால் டயர் சேற்றைப் பிடித்துக்கொண்டது. பின்னால் அண்ணனின் கார் வருவதை என் கணவர் கண்ணாடியில் பார்த்தார். கொஞ்சத்தில் பார்த்தபோது காணவில்லை.

“மத்த ஒழுங்கையால திரும்பிட்டான் போல,” என்றார்.

பெரிய வீதியைத் தாண்டி வாவிப் பக்கம் போய் நின்ற பிறகும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் அந்த ஒழுங்கைக்குத் திரும்பவேயில்லை. பின்சில்லு இரண்டும் சேற்றில் நின்ற இடத்திலேயே சுழன்றிருக்கின்றன. ஏறியிருந்தவர்கள் குதித்து ஓடிவிட்டார்கள். புருசனும் பெண்சாதியும் மட்டும் நின்று காரைத் தள்ளியிருக்கிறார்கள். பிழைப்பே அந்தக் கார்தானே, விட்டுவிட்டு ஓட மனம் வருமா? அண்ணனைத் தண்ணீர் ஒரு தென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவளை வாவிக் கரையில்தான் எடுத்தோம்.

சில மாதம் கழித்து, அகதி முகாமில் இருந்த அண்ணனிடம் அந்த நாலு சில்லையும் என் கணவர் கொண்டுபோனார். அவரிடம் அப்போது ஓடுகிற கார் இல்லை. தெரிந்துதான் கொண்டுபோனார். வீட்டில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

“இத நீயே வெச்சுக்க மச்சான்,” என்றார்.

“மாப்பிள்ளைச் சில்லா?” அண்ணன் சிரித்தார். “நான் இனி என்ன மாப்பிள்ளையாடா?”

அன்று சில்லுகளோடு திரும்பி வரும்போது என் கணவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். பிறகு அதே சில்லோடு சோதனைக்கும் போனார். வயிறு கேட்கிறதே, என்ன செய்ய?

சண்டை முடிந்தது. பாசிக்குடாக் கடற்கரைக்குச் சுற்றுலா ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பழைய கார்களுக்கும் ஹயர் கிடைத்தது. அண்ணனும், ஒரு கசு மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த தன் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பித்தார். கடல் தண்ணீர் குடித்த எஞ்சினைப் பிரித்துப் பூட்ட எத்தனை மாதம் பட்டார் என்று சொல்லி முடியாது. சோதனைக்குப் போகும் நாளில் என் கணவர் சில்லுகளை உருட்டிக்கொண்டு போய் நின்றார். அண்ணன் அவற்றைத் தொடவும் இல்லை. தன் மொட்டை டயரிலேயே மட்டக்களப்புக்குப் போனார்.

எங்கள் ஸ்டாண்டிலிருந்து போய்ப் பெயிலான முதல் கார் அதுதான்.

திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

“இண்டைக்குத்தான் தங்கச்சி என்ட காரை ஒழுங்காப் பார்த்திருக்காங்க. எக்ஸாமினர் டயரத் தடவிப் பார்த்திட்டு, இதோட றோட்டில ஏறினா ஆள் சாகும் எண்டான்.” வாசலில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார். “அண்டைக்கே இப்பிடி ஒருத்தன் பெயிலாக்கியிருந்தா, கடன்பட்டெண்டாலும் புதுச் சில்லு வாங்கியிருப்பன்.”

தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“ஒருத்தி சொன்னவள்தான்,” என்றார் அண்ணன். “நாமதான் சிரிச்ச.”

அடுத்த கிழமை எங்கள் காருக்குச் சோதனை. வழக்கம்போல அதே சில்லு, முதல் தடவையிலேயே பாஸ். என் கணவர் ஹோர்ன் அடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.