நீராவி படிந்த படங்கள்

சாதிக்கின் கைமீது எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. அது தெரிந்தே அவனைக் குற்றவாளியாக நிற்க விட்டேன். வாய் திறக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது... வாயைத் திறந்து பொய் சொன்னேன்!

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வது எளிது என்பதால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். கோழைக்கு இதுதான் வசதி.

நானும் சாதிக்கும் திருப்பூர் நல்லூர்க்காரர்கள். ஒரே தெரு, ஒரே பள்ளி, பிறகு ஒரே பொறியியல் கல்லூரியில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். திருப்பூரை மின்வெட்டு பாடாய்ப் படுத்திய காலம் அது. ஹைட்ரஜனில் ஓடும் எரிபொருள் கலம் ஒன்றைச் செய்து, டீசல் புகையில்லாமல் ஒரு தையல் யூனிட்டையாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் கனவு.

அந்தக் கலத்துக்கு ஒரு நோய் உண்டு. ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும்போது கூடவே தண்ணீரும் பிறக்கும். அது உள்ளே இருக்கும் நுண்ணிய வாய்க்கால்களில் தேங்கினால் வாயு போக வழியின்றிக் கலம் திணறும். கவனிக்காமல் விட்டால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கருகி ஓட்டையாகிவிடும்.

கலத்தைச் செய்வது சாதிக்கின் வேலை. உள்ளே நடப்பது தெரியும்படி ஒரு பக்கம் கண்ணாடி போன்ற தகடு வைத்து மூடினான். அதன்முன் கேமரா வைப்பது என் வேலை. தண்ணீர் தேங்கிய படம் எது, தேங்காத படம் எது என்று காட்டிக் காட்டிக் கணினியைப் பழக்க வேண்டும். பழகியபின் அதுவே பார்த்துச் சொல்லும். 'தேங்கிவிட்டது' என்று அது சொன்னதும் ஒரு வால்வு திறந்து, காற்று அந்தத் தண்ணீரை ஊதித் தள்ளிவிடும்.

என் அம்மா மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் நானும் அந்த மேஜையில் நின்றிருக்கிறேன். நல்ல பீஸ் ஒரு பக்கம், டேமேஜ் ஒரு பக்கம். இரண்டிலும் சேராத சந்தேகப் பீஸ்கள்? ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கும்போது யார் உட்கார்ந்து யோசிப்பது! மூன்றாவது குவியலில் வீசிவிடுவோம். அது செகண்ட்ஸ் சரக்காக ரோட்டோரக் கடைக்குப் போய்விடும். கப்பலேறும் பெட்டியில் சந்தேகமே இருக்காது.

படங்களையும் அப்படித்தான் பிரித்தேன்.

குளிர்ந்த காலைகளில் தகட்டின் உட்புறம் நீராவி படிந்து மங்கிவிடும். பின்னால் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. அந்தப் படங்களை எல்லாம் மூன்றாவது குவியலில் வீசினேன். கணினியைப் பழக்கும்போதும் காட்டவில்லை, சோதிக்கும்போதும் காட்டவில்லை. சுத்தமான படங்களையே பார்த்த கணினி தவறே செய்யவில்லை. பேராசிரியர் பூரித்துப்போனார்.

"எந்தப் படத்தையும் விட்டுடலையே?"

"இல்லீங்க சார். எடுத்தது அத்தனையும் போட்டாச்சுங்க."

ஒதுக்கிய பீஸ் கம்பெனிக்குத் திரும்பி வருவதில்லை. மங்கிய தகடு திரும்ப வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும்... தோன்றியதை ஓரமாகத் தள்ளியிருப்பேன்.

நிதி கொடுப்பவர்கள் பார்வையிட வந்த காலையில் மழை பிடித்துக்கொண்டது. சாதிக்கின் கலம் ஓடியது. அதன் மின்சாரத்தில் இரண்டு தையல் மெஷின்கள் ஓடின. கொஞ்ச நேரத்தில் தகடு மங்கியது. நான் பார்த்தேன்! கணினியோ 'சரி' என்று பச்சை காட்டிக்கொண்டே இருந்தது. கையால் வால்வைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஏன் என்று கேட்பார்கள். நின்றேன்... மெஷின்கள் தளர்ந்து தளர்ந்து நின்றுபோயின.

வந்தவர்கள் போனபிறகு கலத்தைப் பிரித்தோம். சவ்வில் ஓட்டை.

"போல்ட்டை ஒரு பக்கமாவே டைட் பண்ணியிருக்கே, சாதிக். அழுத்தத்துல சவ்வு கிழிஞ்சிருக்கு" என்ற பேராசிரியர் என்னிடம் திரும்பினார். "கேமரா என்னப்பா சொல்லுச்சு?"

சாதிக்கும் என்னைப் பார்த்தான்.

"கேமரா சரியாத்தானுங்க காட்டுச்சு. தண்ணி நிக்கலீங்க சார்."

சாதிக் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "நாந்தான் முறுக்கிக் கெடுத்துப்போட்டனாட்ட இருக்குதுங்க சார்" என்றான்.

பயத்தால் சொன்னேன் என்றால் நம்பிவிடுவீர்கள். பொறாமையும் இருந்தது. அவன் கை தொட்டதெல்லாம் சரியாகப் பொருந்தும். ஒருமுறையாவது பொருந்தாமல் போகட்டுமே என்று ஒரு மூலையில் எனக்கு இருந்தது. சீ...!

அவனுக்கு உதவித்தொகை நின்றது. தன் அத்தாவின் பனியன் வேஸ்ட் கடையில் போய் உட்கார்ந்தான். நான் மூன்றாவது குவியலை அழித்தேன், அந்தக் கேமராவைக் காட்டியே முனைவர் பட்டம் வாங்கினேன், அதே கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன். ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்றது.

ஒருநாள் சொல்லிவிடுவது என்றே அவன் கடைக்குப் போனேன்.

"வாங்க சார், உக்காருங்க" என்றான். அதுவரை 'டா' போட்டே பேசியவன்! பக்கத்தில் அவன் தங்கை நஸ்ரின் துணிக் கழிவுகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூ முடிவு வந்திருந்தது, நல்ல மார்க்.

"இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க. எங்க கைக்கு அதெல்லாம் ஆகாதுங்க சார், நான் பட்டதே போதும். காமர்ஸ் போன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னாக் கேப்பா."

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று அந்தக் கண்கள் நம்பின.

படிக்கட்டும் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், 'என் கதை தெரிஞ்சுமா சொல்றீங்க?' என்று சாதிக் கேட்பான். அந்தக் கதைக்குள் நான் மறுபடி இறங்க வேண்டும். உண்மையைச் சொல்ல வந்தவன், அந்த ஒரு கேள்விக்கு நடுங்கினேன்.

"காமர்ஸும் நல்ல படிப்புதான், கண்ணு" என்றேன்.

"சரிங்கண்ணா" என்று குனிந்துகொண்டாள். சாதிக்குக்கு அப்படி ஒரு நிம்மதி! எனக்கு டீ வாங்கிவரச் சொன்னான். குடித்தேன்.

நஸ்ரின் இப்போது ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். சாதிக் கடையில் மின்விசிறி நின்றால்கூடத் தான் தொடாமல் ஆள் கூப்பிடுகிறான்.

எழுதினால் பாரம் குறையும் என்றார்கள். குறையவில்லை. அவன் கடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்... போகமாட்டேன். கல்லூரியை விட்டபின் சாதிக் எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் உங்களிடம் சொன்னேன்.