கப்பல் அழிந்த கத்தி

நண்பர் ஒருவரின் சவரக்கத்தியை நான் கெடுத்தேன். கெடுத்ததோடு நிற்காமல், துருதான் கெடுத்தது என்று அவரிடம் பொய்யும் சொன்னேன்.

அவர் திருவொற்றியூரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர்; என் வயதுக்காரர். எண்ணூரில் ஓர் ஆலையில் உலோகப் பரிசோதகராக நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற பின் பழைய சவரக்கத்திகளைச் சீர்செய்வது எனக்குப் பொழுதுபோக்கானது. அதைக் கேள்விப்பட்டுத் தன் அப்பாவின் கத்தியை எடுத்துத் தந்தார். துறைமுகத்துக்கு வந்த ஒரு மாலுமி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அலகின் மேல், மெல்லிய பொன்பூச்சில், ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது.

இப்போது எல்லாக் கடைகளிலும் பிளேடு மாற்றும் கத்திதான். அப்பாவின் கத்தியால் அவர் யாருக்கும் சவரம் செய்வதில்லை. ஆனால் மொட்டைக்கு வரும் குழந்தைகளுக்காக அது அவருக்கு வேண்டியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே பலகையில், கைக்கு எட்டாத தூரத்தில் விரித்து வைத்து, "கப்பல் கெளம்பப் போவுது, பாத்துக்கினே இரு" என்பார். குழந்தை தலையை ஆட்டாமல் கப்பலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"துருவ மட்டும் எடு சார். கப்பலுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பழைய கத்தியில் இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் துருவை எடுக்க வேண்டும். கருத்து அடங்கிப்போன கறையை விட்டுவிட வேண்டும்; அது அலகுக்குக் காப்பு. எனக்கு அது தெரியும். ஆனால் பளபளப்பை வைத்தே வேலையை மதிப்பிட்டுப் பழகிய ஆலைக் கண் என்னுடையது. துரு போன பிறகும் கறை உறுத்தியது. மெருகேற்றும் சக்கரத்தில் ஒரே ஒரு முறை காட்டினேன். பாய்மரம் போயிற்று. அரைகுறைக் கப்பலைப் பார்க்கச் சகிக்காமல் மீதியையும் தேய்த்துவிட்டேன்.

நண்பர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"துரு அடியில இறங்கியிருந்தது" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லி, எனக்கு டீ வரவழைத்தார். அந்த டீயை நான் குடித்தேன்.

இரண்டு வருடம் தேடி, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே கப்பல் போட்ட இன்னொரு கத்தியைக் கண்டேன். இம்முறை சக்கரத்தின் பக்கமே போகவில்லை. தையல் மிஷின் எண்ணெய், பஞ்சு, மூங்கில் சீவல், அவ்வளவுதான். துருவைச் சீவல் நுனியால் நெம்பி எடுத்தேன். கப்பலின் மேல் எண்ணெய் தொட்ட விரலைத் தவிர எதையும் படவிடவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. கறை அப்படியே இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் சார். துரு தின்னா பள்ளம் வுழும். நீ குட்த்தது கண்ணாடி மாரி இருந்திச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேற கடைக்குப் பூடுவ. அப்பால எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆளு?" புதிய கத்தியைத் திருப்பிப் பார்த்தார். "கறைய வுட்டுட்டியே. இப்பத்தான் வேல கத்துக்கினியா?"

அப்போது ஒரு மீனவர் தன் மகளை மொட்டைக்குத் தூக்கிவந்தார். நண்பர் புதிய கத்தியைப் பலகையில் வைத்துக் கப்பலைக் காட்டினார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

"அப்பன் படகையே தெனம் பாக்குது, இத்தப் போய்ப் பாக்குமா?" என்று சொல்லி, நண்பர் இழுப்பறையிலிருந்து நான் கெடுத்த கத்தியை எடுத்து வைத்தார். வாசல் வெயில் அதில் பட்டு, கண்ணாடிக்கு மேலே சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு விழுந்தது. தெருவில் கன்டெய்னர் லாரி போனது. பலகை அதிர்ந்தது, வெளிச்சம் துள்ளியது.

"மீனு" என்றாள். அழுகை நின்றது.

"ரெண்டு வருசமா இத்த வச்சித்தான் ஓட்டிக்கினு கீறேன்" என்றார் அவர்.

இப்போது பலகையில் இரண்டும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை போய் இரண்டுக்கும் எண்ணெய் போடுகிறேன். கடற்காற்றில் பளபளப்பானதுதான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதற்குத்தான் அதிக நேரமாகிறது.