ஒருநாள் விட்டு ஒருநாள் சிவக்கும் விளக்கு

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு வேகத்தில் ஒரு குறையும் கிடையாது. போனில் சோதித்துப் பார்த்தால் முள் சர்ரென்று ஏறி நூறில் போய் நிற்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, புது வண்டி வாங்கியவர் மாதிரி திருப்தியாகத் தலையை ஆட்டுவார். "நூறு வருது பாரு. இதுக்கு மேல என்ன வேணுங்கற?" என்பார். எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். நான் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்கு முழுசாகக் கேட்க வேண்டும். அது மட்டும்தான் நடக்கவில்லை.

மிக்ஸி, கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறேன். ஜாரில் தண்ணீர் ஒழுகுகிறது, கல் சுற்றமாட்டேன் என்கிறது என்று எங்கெங்கிருந்தோ அழைப்பார்கள். குறையைக் கேட்டுப் பதிந்துகொண்டு, மெக்கானிக் என்றைக்கு வருவார் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு ஆபீசில் இருந்தவள் நான். கடத்தூர் பக்கத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒன்பது வருடம் வேலை என்று எதுவும் இல்லை. வீட்டில் யாரும் என்னைப் படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "வணக்கம், சொல்லுங்க" என்று ஆரம்பிக்கிற ஆள் வேறு. அந்த ஆளை ஒன்பது வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். இனி விட மனசில்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். முதல் மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாம் மாதத்தில்தான் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது எதிரில் இருப்பவர் "ஹலோ, ஹலோ, கேக்கலீங்க" என்பார். என் வாயிலிருந்து போன வார்த்தை பாதிதான் போய்ச் சேரும். அப்புறம் கால் துண்டாகும். திரும்பக் கூப்பிட்டால் அவர் ஏற்கெனவே கொதித்துப் போயிருப்பார். மூன்றாம் மாதம் பிறந்ததும் சென்னையிலிருந்து டீம் லீடர் பேசினார். "நீங்க நல்லாப் பேசறீங்க மேம். ஆனா கால் பாதியில கட் ஆகுது. இந்த மாசமும் இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபம் இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நூறை இருநூறாக்கிவிட்டார். அதற்குப் பிறகு இருநூறு வேகத்தில் விட்டு விட்டுப் போனது.

எங்கள் பக்கத்து லைனைப் பார்த்துக்கொள்ளும் கேபிள்காரர் நல்ல மனிதர். கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் இன்டர்நெட் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். போனை எடுத்து முள்ளை ஓடவிட்டு, "பாருங்கக்கா, ஜம்முனு வருது" என்பார். பல்வலிக்காரன் டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடுமே, அந்தக் கதைதான். ஊரார் மிக்ஸிக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுக்கிற எனக்கு என் குறையைச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன். "வெறும் பேசறதுக்கு மட்டும் எவ்வளவு வேகம் வேணுங்க?"

"பேசறதுக்கா? ஒண்ணு இருந்தாவே தாராளமாப் போதுங்க்கா."

"அப்ப எனக்கு எதுக்கு இருநூறு?"

"அண்ணன்தான் கேட்டாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது ஒன்று. குடம் நிறைகிறவரை நிற்காமல் வருகிறதா என்பது வேறொன்று. இத்தனை நாள் முதலாவதையே அளந்துகொண்டு இருந்திருக்கிறோம். இரண்டாவதை எப்படி அளப்பது என்று யோசித்தேன். பால் கணக்குக் குறிக்கிற காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு மினுக்குகிறது, எப்போது பச்சைக்குத் திரும்புகிறது என்று கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினேன்.

இரண்டு வாரம் போனதும் காலண்டரைப் பார்த்து அசந்துவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள். காலை பத்தரை வாக்கில் ஆரம்பித்து முக்கால் மணி நேரம். மறுநாள் சுத்தமாக ஒன்றும் இல்லை. முறைக்காய்ச்சல் மாதிரி தேதி தவறாமல் வந்திருக்கிறது. மழையாக இருந்தால் இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வராது. கரண்ட் கட்டும் அப்படி வராது. கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், வேலை போய்விடுமே என்ற பயம்கூட அந்த இரண்டு மூன்று நாட்கள் பின்னால் போய்விட்டது.

காலண்டரை வீட்டுக்காரரிடம் காட்டினேன். தேதிகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர் முகம் மாறியது. "இதெல்லாம் அவன் முறை நாளு" என்றார்.

அவன் என்றது அவருடைய பெரியப்பா மகனை. எங்கள் வீட்டுக்கு நான்கு தோட்டங்காடு தள்ளி அவர்கள் வீடு. கிணறு இரண்டு பேருக்கும் பொது. ஒருநாள் அவர்கள் மோட்டார் ஓடும், மறுநாள் எங்கள் மோட்டார் ஓடும். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில், தண்ணீர் அடியில் கிடந்தபோது, யார் நாளில் யார் மோட்டார் போட்டது என்று பேச்சு முற்றி, வரப்பில் நின்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டார்கள். அதோடு சரி. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. நானும் அந்த வீட்டு அக்காவும் பஸ்ஸில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். எங்கள் கேபிள் அவர்கள் களத்தைத் தாண்டித்தான் வருகிறது.

"தண்ணி பாய்ச்ச வர்றப்ப நம்ம வயர அறுத்து வுடறான்" என்றார் வீட்டுக்காரர்.

"அறுத்தா அறுந்தேதான கெடக்கும்? முக்கா மணி நேரத்துல அது எப்படித் தானா ஒட்டிக்கும்?" என்று கேட்டேன். ஆனாலும் அவன்தான் என்றார். எனக்கும் அந்த வீட்டின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. பொய் சொல்லப் போவதில்லை, ஆத்திரமாகவே இருந்தது.

அடுத்த முறை கேபிள்காரர் வந்தபோது, அறுக்காமலேயே லைனைக் கெடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து லைனின் பலத்தை அளக்கிற ஒரு சின்ன மீட்டரை எடுத்து எங்கள் வயரில் மாட்டினார். மைனஸ் இருபது என்று காட்டியது. "உள்ள முடி மாதிரி கண்ணாடிங்க்கா. அதுக்குள்ள வெளிச்சம் ஓடிவருது. இப்பப் பாருங்க" என்று வயரை விரலில் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றினார். எண் மடமடவென்று இறங்கி மைனஸ் முப்பதுக்குப் போனது. பெட்டியில் சிவப்பு மினுக்கியது. விரலை எடுத்தார். பச்சை. "மடங்குன எடத்துல வெளிச்சம் வெளிய கசிஞ்சிரும். இருபத்தெட்டு தாண்டுனா பேச்சு ஒடையும்" என்றார். நானும் வாங்கி என் விரலில் சுற்றிப் பார்த்தேன். அறுபடாத ஒரு வயருக்குள் வெளிச்சம் வழி தவறிப் போகிறது என்பது எனக்கு அவ்வளவு அதிசயமாக இருந்தது. அவர் டீ ஆறுகிறவரை சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்தப் புதன் சிவப்பு நாளாக அமைந்தது. பத்தரைக்கு விளக்கு மினுக்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வயரைப் பார்த்தபடியே நடந்தேன். எங்கள் கூரையிலிருந்து வேப்பமரம், அங்கிருந்து இரண்டு தென்னை. ஒரு வீட்டில் பீர்க்கங்கொடியை அதில் ஏற்றிவிட்டிருந்தார்கள், காய்கூடத் தொங்கியது. இன்னொரு வீட்டில் உரச்சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ஆட்டுக்குட்டியை மிதிக்கப் பார்த்தேன். கடைசியில் பங்காளி வீட்டுக் களத்து வேலி வந்தது. நான்கு வருடமாகத் தாண்டாத வேலி.

களத்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. தக்காளி க்ரேட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த தென்னை போன வருடக் காற்றில் சாய்ந்துவிட்டதால் எங்கள் வயர் தாழ்ந்து, சரியாக க்ரேட்டு உயரத்தில் தொங்கியது. அந்த அக்கா ஒரு நீளமான கவைக்கொம்பால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கவையில் பழைய துண்டு சுற்றியிருந்தது. நழுவாமல் இருக்க வயரை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். கேபிள்காரர் தன் விரலில் சுற்றிக் காட்டியதும் அதே மாதிரி ஒரு சுற்றுத்தான்.

டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தான். அக்கா அண்ணாந்தபடியே அதட்டினார். "பாத்து எடுப்பா. மெதுவா. அந்தூட்டுல அவளுக்கு இதுலதான் வேலை ஓடுது. அறுந்துச்சுன்னா அவ பொழப்பு போயிரும்."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்தச் சில நாட்களாக இவரை மனசுக்குள் என்னென்ன திட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். கொம்பை விடவில்லை.

"வா" என்றார். "அறுந்துருச்சோன்னு பாக்க வந்தியா? அறுவல கண்ணு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன்."

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "எத்தனை நாளாங்கக்கா இப்படிப் புடிக்கறீங்க?"

"தக்காளி எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து. தண்ணி முறையன்னிக்குக் காலைல பறிச்சிருவம். பறிச்சுட்டுத்தான் தண்ணி வுடறது. வண்டி ஏத்தி முடிக்கறவரைக்கும் இதத் தூக்கிப் புடிக்கோணும். மொத நாளே டிரைவரு அறுத்துப் போட்டுட்டுப் போலாம்னான். நான் வுடல."

"மாமாவுக்குத் தெரியுங்களா?" அவர் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"அவருதான் கொம்பு வெட்டிக் குடுத்தாரு" என்றார்.

தினமும் புகார் கேட்கிற வேலை என்னுடையது. நியாயமான புகார்கூடச் சொல்கிற இடத்தில் எப்படிப் போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா, நீங்கள் தூக்கிப் பிடிப்பதால்தான் என் வேலை போகப் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேலை போய்விடும். நான்கு வருடம் கழித்துப் பேசுகிற பேச்சில் அதுவா போய் நிற்க வேண்டும்? முக்கால் மணி நேரம் அண்ணாந்து நின்ற கழுத்தை அவர் ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது சிரமங்கக்கா" என்றேன். "உங்க மாடி மேல ஒரு பைப்ப நிறுத்தி ஒசத்திக் கட்டிக்கலாங்களா? மாமாகிட்ட கேளுங்க."

"அவர என்ன கேக்கறது? வந்து கட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "கொம்ப அவனா வெட்டிக் குடுத்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டார். மறுநாள் சாயங்காலம் மோட்டார் அறையிலிருந்து ஒரு இரும்பு பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கேபிள்காரருக்கும் போன் போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் நடந்தார்.

பைப்பை மாடிக்கு ஏற்றும்போது நானும் வேலையை முடித்துவிட்டுப் போய்க் களத்தில் நின்றேன். மாமா மேலே இருந்தார், என் வீட்டுக்காரர் கீழே. இரண்டு பேரும் கேபிள்காரரிடம் மட்டும் பேசினார்கள். "அவர அந்தப் பக்கம் புடிக்கச் சொல்லுப்பா" என்று மேலிருந்து வரும். "புடிச்சுட்டன்னு சொல்லுங்க" என்று கீழிருந்து போகும். பாவம், கேபிள்காரருக்குத்தான் தலை சுற்றியிருக்கும். பாதி ஏறியதும் பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "டேய், வுட்றாதடா" என்று மாமா நேராகவே கத்தினார். "புடிச்சிருக்கறண்ணா" என்றார் இவர். அதற்கு மேல் அவர்களுக்குக் கேபிள்காரர் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்த தக்காளி நாளில் பத்தரை மணிக்கு ஒரு அம்மா கிரைண்டரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு பேசினேன். பச்சை அசையவில்லை. அவர் ஒரு தடவைகூட ஹலோ என்று கேட்கவில்லை. அந்த வாரமே இருநூறை ஐம்பதுக்கு இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மாதம் முடிந்து வேலை நிரந்தரமான கடிதம் போனுக்கு வந்தது. அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அக்காவிடம் காட்டப் போனேன். களத்தில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தின் மேல் மெதுவாக விரலை ஓட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நான் கொம்பு புடிச்சதுல ஒருநாளாவது அறுந்துச்சா, சொல்லு" என்றார்.

"இல்லீங்கக்கா" என்றேன். "ஒருநாளும் அறுவலீங்க."