நூல் கோனின் சர்க்கரை அளவு

என் மேசையின் இடது மூலையில் ஒரு நூல் கோன் நிற்கிறது. நூல் பெரும்பாலும் ஓடித் தீர்ந்து, ஒரு மனிதரின் மணிக்கட்டுப் பருமனுக்கு வெள்ளை நூல் மிஞ்சிய அட்டைக் கூம்பு. அதன் இடுப்பில் கறுப்பு வாரோடு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே, "எதுக்கு மேடம் கோனுக்கு வாட்ச் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். பழைய மேனேஜருடையது என்று மட்டும் சொல்லி, வேலையைப் பார்க்கச் சொல்வேன். உயிரில்லாமல் பல வருசம் கிடந்த வாட்ச் அது. இன்று மத்தியானம் அதைச் சார்ஜில் போட்டேன். போட்டதிலிருந்து வேலை ஓடவில்லை.

மேனேஜர் என்றால் எங்கள் பனியன் கம்பெனியின் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டவர். குண்டடம் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பம். படிப்பு டெக்ஸ்டைல், ஆனால் அவர் கருத்துச் சொல்லாத துறை எதுவும் கிடையாது. அரிசி, ஆட்சி, அணு உலை, செல்போன் டவர், முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். தீர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சொல்லும் விதத்தில் மரியாதை குறையாது. "நீங்க திங்கறது சோறு இல்லீங்க, வெசங்க" என்று அவர் சொன்னால் யாரோ நம்மை விருந்துக்கு அழைத்த மாதிரி இருக்கும். பீகாரிலிருந்து வந்த தையல்காரர்களையும் அவர் விடவில்லை. தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்களிடம் ரொட்டியை விடச் சொல்வார். அவர்கள் ரொட்டியைக் கடித்தபடியே தலையாட்டுவார்கள்.

நான் விளாத்திகுளம் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். டிப்ளமா முடித்த கையோடு அந்த லேபில் சேர்ந்தேன். துணியின் எடை, சுருக்கம், சாயம் போகிறதா, கறை உண்டா, ஓட்டை உண்டா என்று பார்ப்பது என் வேலை. கவலைப்படுவது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட இரண்டாவது வேலை. "ஏனுங்க அம்மிணி, உங்க ஊருத் தண்ணீலயே பயத்தைக் கலந்து உடறாங்களா?" என்று மேனேஜர் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவருக்குப் பயமே இல்லாதிருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

லேபில் துணியை வட்டமாக வெட்டி எடை போடுவதற்கு ஒரு சின்னத் தராசு உண்டு. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே எண் மாறும் அளவுக்கு நுட்பமானது. அதில் தினமும் காலையில் மேனேஜரின் பாதாம் பருப்பு எடைக்கு வரும். அவரே கொண்டுவந்து, தட்டைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைப்பார். ஒரு பருப்பு கூடிவிட்டால் அதை எனக்குக் கொடுத்துவிடுவார். அந்தத் தராசின் பக்கவாட்டில் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து ஆள் வந்து, தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் தேதி போட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தேதி தாண்டிய தராசில் யாராவது துணியை வைத்துவிட்டால் மேனேஜருக்கு முகம் மாறிவிடும். "ஸ்டிக்கர் இல்லாத தராசு தராசில்லீங்க, பொம்மைங்க. பொம்மை சொல்றத நம்பி ஆர்டர் அனுப்புவீங்களா?" என்பார். இந்த வாக்கியத்தை நாங்கள் எல்லோரும் அவர் குரலிலேயே சொல்லிச் சிரிப்போம்.

அவர் சொன்னதெல்லாம் பிதற்றல் என்று ஒதுக்கவும் முடியாது, சங்கடமே அங்கேதான். துணி பின்னும் நிட்டிங் பிரிவில் பறக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று, யாரும் மாஸ்க் போடாத காலத்திலேயே எல்லோரையும் போடவைத்தவர் அவர். துணியில் குறை பார்க்கக் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்துவிடும் என்று அவர் சொன்னபோது சிரித்தோம். இப்போது எங்கள் கம்பெனியிலேயே வந்துவிட்டது. தேர்தல் நேரத்தில் ஒரு நாள் டீக்கடையில் சொன்னார்: "ஒரு பனியனுக்கு எத்தனை சாம்பிள் பாக்கறோம், அப்பறந்தானுங்க பல்க்குக்கு ஓகே சொல்றோம். ஓட்டு மட்டும் சாம்பிளே பாக்காம அஞ்சு வருசத்துக்குப் பல்க்கா குடுத்துப்போட்டு, அப்பறம் டேமேஜுன்னு கத்தி என்னங்க பண்றது?" கட்சி வேறுபாடு இல்லாமல் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவருடைய சரியான கருத்தும் தப்பான கருத்தும் ஒரே குரலில், ஒரே புன்னகையோடு வரும். கேட்கிறவர்களுக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அவருக்கே வழியிருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அந்த வாட்ச் வந்த பிறகுதான் எனக்கே அது தெரியும். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், கையில் கட்டினாலே சர்க்கரை அளவு காட்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கியிருந்தார். வந்த அன்றே மொத்தக் கம்பெனிக்கும் காட்டினார். அரிசியை விட்டதும் பாதாமும் நடையும் சர்க்கரையை எப்படி அடக்கிவிட்டன பாருங்கள் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் வாட்ச் காட்டும் வரைபடத்தைப் போடுவார், எனக்கும் அனுப்புவார். சில வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். "மாத்திரைக் கம்பெனிக்காரன் பொழைக்கறதுக்கு நாம நோயாளியா இருக்கோணுமாங்க?" என்பது அந்தப் பருவத்தின் தீர்ப்பு.

அவருடைய வீட்டுக்கார அம்மா எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "கண்ணு, ஊட்டுல கேட்டா கம்பெனியில போட்டுக்கறேங்கறாரு. மாத்திரையப் பையில வெச்சுத்தான் உடறேன். போடறாரான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்." நான் பார்த்தேன். மாத்திரை அட்டை போன மாதிரியே திரும்பிப் போனது. இதை அக்காவிடம் சொன்னால் வீட்டில் சண்டை, சொல்லாவிட்டால் என் தூக்கம் போச்சு. சொன்னேன். சண்டையும் வந்தது, தூக்கமும் போனது. மாத்திரை மட்டும் அட்டையிலேயே இருந்தது. எதிரே நின்று எதிர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. நான் ஒரு வாதம் சொன்னால் அவர் பத்து வீடியோ அனுப்புவார். பத்தையும் பார்த்து முடிக்கும்போது எனக்கே அரிசிமேல் சந்தேகம் வந்துவிடும்.

எங்களுடையது குழந்தைகள் உடுப்பு. முறிந்த ஊசித் துண்டு எதுவும் துணியோடு போய்விடக்கூடாது என்பதற்காகப் பேக்கிங் பிரிவில் உலோகம் கண்டுபிடிக்கும் மிஷின் உண்டு. வாட்ச், மோதிரம், வளையல், ஷூ எதுவும் உள்ளே போகக்கூடாது. முதலாளியே வந்தாலும் கழற்றித்தான் ஆகவேண்டும். பேக்கிங்குக்குப் பக்கத்துக் கதவு லேப் என்பதால் மேனேஜர் வாட்சைக் கழற்றி என் மேசையில்தான் வைப்பார். கீழே வைத்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்று, அங்கிருந்த பாதி தீர்ந்த நூல் கோனில் பத்திரமாகக் கட்டிவிட்டுப் போவார். ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் அரைநாள் வாட்ச் கோனில்தான் இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் வாட்சின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. திரையைப் பார்த்தேன். முதலில் நாடித் துடிப்பு வந்தது. பிறகு சர்க்கரை அளவு வந்தது, அதற்குக் கீழே நார்மல் என்று போட்டிருந்தது. நூல் கோனுக்குச் சர்க்கரை நார்மல். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் குழுவில் போட்டுக் கொண்டாடிய வரைபடங்கள் என் ஃபோனிலும் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். மத்தியான வேளைகளில்தான் கோடு ஆடாமல் அசையாமல் அழகாகப் போயிருந்தது. அத்தனையும் வாட்சைக் கோன் கட்டியிருந்த நேரம். பஞ்சும் அட்டையும் சேர்ந்து கொடுத்த நற்சான்றை நம்பி ஒரு மனிதர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

அப்போதும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் பேக்கிங்குக்குப் போவதற்காக என் மேசையருகே ஷூவைக் கழற்றினார். வெள்ளைச் சாக்ஸின் நுனியில் பழுப்பாக ஒரு வட்டம். கறை பார்த்தே சம்பளம் வாங்குகிற கண் எனக்கு. எண்ணெய்க் கறை இல்லை, டீக் கறையும் இல்லை. "சார், கால் விரல்ல வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லீங்களே, ஏனுங்க?" என்றார். நிஜமாகவே அவருக்கு வலிக்கவில்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு எப்படி வலிக்கும்? புது ஷூ போட்டுக்கொண்டு அவர் ஃபேக்டரியைச் சுற்றிச் சுற்றி நடந்த நடையெல்லாம் அந்த விரலை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் பேக்கிங்கிலிருந்து திரும்பியதும், "சார், ஒரு நிமிசம் இங்க வாரீங்களா? ஒரு சாம்பிள் பாஸ் பண்ணணும்" என்றேன். வந்தார். வாட்சோடு கோனை அப்படியே தூக்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாட்ச் தானாக அளக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எண் வந்தது, நார்மல் வந்தது. தராசின் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டி, "இதுல இருக்கு. அதுல ஸ்டிக்கர் எங்க சார்?" என்றேன்.

அவருக்குக் கருத்தே இல்லாமல் போன ஒரு நேரத்தை நான் பார்த்தது அதுதான். கோனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார். "அடேங்கப்பா, என்னைய விட இந்தக் கோன் ஆரோக்கியமா இருக்குதுங்களே அம்மிணி" என்றார். சிரிப்பு அடங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். நான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கம். கட்டை விரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பார்க்கப் போனபோது வாட்சையும் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "அது அங்கயே இருக்கட்டுங்க. அந்தக் கோனுக்காச்சும் கண்ட்ரோல்ல இருக்கட்டும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

மாத்திரை, ஊசி, மெத்தென்ற செருப்பு என்று சில வருசம் ஒழுங்காகப் போனது. ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கே போய்விட்டார். கருத்துகள் மட்டும் ஓய்வு பெறவில்லை. காலையில் நான் பஸ்ஸில் நிற்கும்போதே அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும், சிறுதானியத்திலிருந்து சட்டசபை வரைக்கும். திட்டிக்கொண்டே கேட்பேன். வராத நாளில் மத்தியானத்துக்குள் நானே ஏதாவது சாக்குச் சொல்லி அழைத்துவிடுவேன். கொஞ்ச நாளாக அந்தக் குரலில் மூச்சு வாங்குகிறது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்துகிறார். கடைசியாக வந்தது, ஏதோ ஒரு வேர்ப் பொடியைப் பற்றி.

இன்று காலை அக்கா அழைத்தார். "மாத்திரை, ஊசி ரண்டையும் நிறுத்திப்போட்டாரு கண்ணு. அந்தப் பொடி போதுங்கறாரு. காலு வீங்கிக் கெடக்குது. டாக்டர்கிட்டயே வாதம் பண்றாரு. மகன் சொன்னாலும் கேக்கறதில்ல. நீ ஒருக்கா அந்த நூல் கோனை எடுத்துட்டு வாயேன்." நாளைக்கு வருகிறேன் அக்கா என்றேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. தாராபுரம் பஸ்ஸில் ஏறினால், அவிநாசிபாளையம் தாண்டி குண்டடத்தில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு நடக்கவேண்டும்.

அன்று அவர் சிரித்ததால் பிழைத்தார். அதே கோன், அதே வாட்ச். அதே ஆள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்காமல், 'வாட்ச் பொய்யிங்க, பொடி நெசங்க' என்று புதுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட்டால் என் கையில் வேறு எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசை லேசாக அதிர்ந்தது. நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று கோனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது வாட்ச். பச்சை வெளிச்சம் மினுங்கி, எண் வந்து, நார்மல் என்று காட்டியது. கோனைத் துணிப்பையில் வைத்தேன். வாட்சை அணைக்கவில்லை. அணைத்துவிட்டால் மறுபடி உயிர் வராமல், நாளை அவர் முன்னால் அது பொய் சொல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.