வெளிப்பக்கம் திறக்கும் கதவு

கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கதவம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கிறது? முதியோர் இல்லங்களுக்கு வரைபடம் போடுகிறவள் அவள். சுவர் கோணலாக நின்றால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்வாள். குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால் மட்டும் ஆடித் தீர்த்துவிடுவாள். சின்ன அறையில் வயதானவர் வழுக்கி விழுந்தால் கதவுக்குக் குறுக்கேதான் கிடப்பார். வெளியே இருந்து தள்ளத் தள்ள அவர் மேலேயே இடிக்கும். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அவளுடைய அப்பா அப்படித்தான் கிடந்தார். வீட்டில் அவள் ஒருத்திதான். கூப்பிட்டாள், பதில் இல்லை. தோளைக் கொடுத்து முட்டி முட்டித் தள்ளினாள். ஆட்கள் வந்து கதவைக் கழற்றியபோது உயிர் போயிருந்தது. விழுந்ததுமே நினைவு தப்பியிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனால் டாக்டர் கூட இருந்து பார்த்தாரா என்ன? அப்பாவுக்கு நினைவு இருந்ததா, இல்லையா? எந்தக் குளியலறைக்குள் நுழைந்தாலும் அந்தக் கேள்வி அவளுக்கு முன்பே அங்கே வந்து நிற்கும்.

புதிய இல்லத்தைக் கட்டுகிறவன் அவளுடைய சொந்த அண்ணன். போய்ப் பார்த்தால் அத்தனை குளியலறைக் கதவும் உள்பக்கம்.

"நான் வரைஞ்சு கொடுத்தது ஒண்ணு, நீ மாட்டினது ஒண்ணா?"

"வெளியே திறந்தா கட்டில்ல இடிக்குது. மாத்தணும்னா நிலையையே பேர்க்கணும்."

"பேர்த்துடு."

"உனக்குக் கதவுன்னாலே பேய் புடிச்சிடுது. அப்பா விஷயத்தை இதுல போட்டுக் குழப்பிக்காத. அவர் விழுந்தப்பவே போயிட்டார். டாக்டரே சொன்னாரே."

அண்ணன் கெட்டவன் இல்லை. அன்று வெளியூரில் இருந்தவன், அவனுக்கும் அந்த வார்த்தைதான் துணை. அவனோடு வாய்ச்சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது. அதனால் அவள் பேச்சை விட்டுவிட்டு ஒரு குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்தி, சிமென்ட் தூசி படிந்த தரையில் அதற்குக் குறுக்கே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

"இப்ப உள்ள வந்து என்னைத் தூக்குண்ணா."

வெளியே சிரிப்புக் கேட்டது. பிறகு அவன் தள்ளினான். கதவு விலாவில் இடித்தது. மறுபடி தள்ளினான், கொஞ்சம் பலமாக. "நகரேன் கொஞ்சம்" என்றான். குரலில் சிரிப்பு இல்லை. அடுத்த இடிக்கு அவள் கை தானாக எழுந்து கதவைத் திருப்பித் தள்ளியது. அவள் நினைத்துச் செய்யவில்லை. வலி பொறுக்காத உடம்பு செய்தது.

அந்தத் தள்ளல் அவளுக்குத் தெரியும். அன்று வெளியே நின்று அதைத் தோளில் வாங்கியவள் அவள்தான். ஒவ்வொரு முறை முட்டியபோதும் கதவு மெல்லத் திரும்பி வந்தது. உடம்புக் கனம் என்று நினைத்தாள். நினைத்து, இன்னும் பலமாக முட்டினாள்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"போதும், எழுந்து வா. எல்லாத்தையும் மாத்திடறேன்" என்றான் அண்ணன். பிறகு கதவோடு ஒட்டி நின்று கேட்டான்: "ஏம்மா, கடைசியா நீயா திருப்பித் தள்ளுன?"

அவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணா" என்றாள். "அது வெறும் உடம்புக் கனம்."